இரண்டு நாட்டில் வீடு, ஒரு துப்பாக்கி

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில், அமீரகத்தில் அல் அய்ன் என்ற ஊரில். அங்கே ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். விசாவோ, லேபர் கார்டோ, தண்ணீர் கனெக்‌ஷனோ, எந்த அரசாங்கக் காரியமானாலும் அரபியில் டைப் அடித்த விண்ணப்பம் வேண்டும். அதை அடித்துக் கொடுக்கிற சின்னக் கடைதான் டைப்பிங் சென்டர். நம் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதித் தருவார்களே, அதேதான். ஏசி மட்டும் கூடுதல்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். டீ வாங்கிக் கொடுக்கிற வேலைக்கு அங்கே போய்ச் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் அரபி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பழகி, பத்து வருடத்தில் கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிற அளவுக்கு வந்திருந்தேன். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஃபாரத்தைக் கையில் வாங்கும்போதே இது பாஸ் ஆகுமா, திருப்பி அனுப்புவார்களா என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் வினை.

அல் அய்னை ஒட்டியே புரைமி இருக்கிறது. அது ஓமன் நாடு. ஆனால் நான் போன காலத்தில் நடுவில் ஒரு தடுப்பும் கிடையாது. ஒரே ரோட்டில் நடந்துகொண்டே இருந்தால் எப்போது நாடு மாறியது என்றே தெரியாது. வாடகை குறைவு என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் புரைமியில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் அல் அய்னுக்கு டூட்டிக்கு வந்து போனோம். ஒரு நாட்டில் தூங்கி இன்னொரு நாட்டில் வேலை பார்க்கிறோம் என்ற நினைப்பே வந்ததில்லை. பிறகு வேலி போட ஆரம்பித்தார்கள். முதலில் கம்பம், அப்புறம் கம்பி, அப்புறம் செக்போஸ்ட். பாஸ்போர்ட் காட்டித்தான் போய்வர முடியும் என்று ஆனபோது நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். எங்களுக்கு அது ரூம் மாறிய கதை, அவ்வளவுதான். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அப்படி இல்லை.

அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வெள்ளைப் பிக்அப் வைத்திருந்தார், அதன் பின்னால் எப்போதும் ஆட்டுக்குப் புல்கட்டு கிடக்கும். பட்டாளத்தில் பாகிஸ்தானிகளோடு பழகியதால் அவருக்கு உருது வரும். என்னிடம் பாதி அரபி, பாதி உருது கலந்து பேசுவார். நான் அவரை மற்றவர்களைப் போல 'அர்பாப்' என்றுதான் கூப்பிடுவேன், முதலாளி என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு வீடு. அல் அய்னில் ஒன்று, அரசாங்கம் கொடுத்தது. அதில் படுத்த படுக்கையான அவருடைய தாயார் இருந்தார். வாரம் மூன்று நாள் தாயாரை இங்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இன்னொரு வீடு புரைமியில், பேரீச்சைத் தோட்டத்துக்குள். அது மனைவி வழி வந்தது. மனைவி ஓமன்காரர். மாமனார் இறந்தபின் தோட்டத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லாமல் அந்த அம்மா அங்கேயே தங்கிவிட்டார். ஒரு கோடைக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் மரம் போய்விடும் என்று அவர் சொல்வாராம். சண்டையோ பிரிவோ ஒன்றும் கிடையாது. இவர் காலையில் தாயாரோடு இருப்பார், பிற்பகலில் வண்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் தோட்டம். பல வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

வேலி வந்தபின் அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிட்டது. சுற்றிக்கொண்டு செக்போஸ்ட்டுக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். தாயார் உடம்பு கொஞ்சம் மோசமானால் அன்றைக்குப் போக முடியாது. வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு நாள் என்று குறைந்துபோனது. ஒருநாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில், தன் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் அந்தத் தோட்டத்து மரங்களின் உச்சி தெரியும் என்று சொன்னார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் போய் நின்று பார்ப்பாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் கார்டைச் சுரண்டிவிட்டு, நம்பரை அழுத்துமுன் கொஞ்ச நேரம் சும்மா நின்றவன்தான்.

அங்கேயும் நம் பழைய ஆட்களைப் போலத்தான், மனைவியைப் பற்றிப் பிற ஆண்களிடம் நேரடியாகப் பேசமாட்டார்கள். 'வீட்டு ஆட்கள்' என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான். பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு சித்திரை மாத வெயிலில், பகல் ஒரு மணிக்குக் கடை அடைக்கப் போகிற நேரத்தில் வந்தார். துப்பாக்கி வாங்க வேண்டும், அதற்கு விண்ணப்பம் அடித்துத் தா என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை நான் அடித்ததிலேயே அப்படி ஒன்று வந்ததில்லை. அவர் விவரம் சொன்னார். தோட்டத்துப் பக்கம் வெறிபிடித்ததுபோல நாய்க்கூட்டம் சுற்றுகிறது. மூன்று ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டது. முந்தின வாரம் ஒரு நாய் தோட்டத்து வேலியைத் தாண்டி முற்றம்வரை வந்து, அந்த அம்மா தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து விரட்டியிருக்கிறார்கள். இவர் அன்றைக்கு இந்தப் பக்கம் இருந்தார். போன் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, செக்போஸ்ட் வரிசையில் நின்று, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"வரிசையில எனக்கு முன்னாடி பதினாலு வண்டி. எண்ணிக்கிட்டே நின்னேன்" என்றார். 

துப்பாக்கிக் கடை ஒன்றில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பார்த்து வைத்துவிட்டார். போலீஸ் லைசென்ஸ் கொண்டுவந்தால் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எல்லாம் சட்டப்படி நடக்க வேண்டும், பட்டாளத்தில் இருந்தவன் நான், திருட்டுத்தனமாக ஒன்றை வாங்கி மணலில் புதைத்து வைக்க எனக்கு மனசில்லை என்றார்.

ஃபாரத்தைப் பார்த்தேன். குடியிருக்கும் இடம் என்று ஒரு கட்டம். துப்பாக்கி வைக்கப்படும் இடம் என்று கீழே இன்னொரு கட்டம். ஒரே ஒரு முகவரி எழுதுகிற அளவுக்குத்தான் இடம். அவர் இரண்டு வீட்டையும் சொன்னார். வீடு இங்கே, வீடு அங்கே, துப்பாக்கி அங்கே இருக்கிற வீட்டுக்கு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியாது, போலீஸில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பத்து வருடமாக யாரிடமும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கம் இல்லை. சாப்பாட்டு நேரம் வேறு. ஓமன் முகவரி போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல் அய்ன் வீட்டை மட்டும் போடுவோம், லைசென்ஸ் வந்துவிட்டால் துப்பாக்கி உங்களுடையது, இரண்டும் உங்கள் வீடுதானே, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று சொல்லிக்கொண்டே அடித்துவிட்டேன்.

அவர் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பொய் ஆகாதே?" என்று கேட்டார்.

"மாஃபி முஷ்கில், அர்பாப்" என்றேன். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். அந்த ஊரில் பத்து வருடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சில வாரத்தில் லைசென்ஸ் வந்துவிட்டது. சந்தோஷத்தில் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். தோட்டத்துப் பழமாம். நானும் ரூமுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்து, ஒரு அரபிக்குத் துப்பாக்கி லைசென்ஸே வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

இதற்குச் சில மாதம் முன்பே எனக்கும் ஊரில் ஒரு தலைவலி வந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். பத்திரம் பட்டா எல்லாம் என் மனைவி பேரில். பக்கத்து மனைக்காரர் சுற்றுச்சுவர் எடுக்கும்போது எங்கள் பக்கம் இரண்டு முழம் நுழைந்துவிட்டார் என்று என் மனைவி போனில் சொன்னாள். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து சர்வேயரை வைத்து அளக்கலாம், நானே போய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். நான் கூடாது என்றுவிட்டேன். பொம்பளை தனியாக ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், அடுத்த லீவில் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த லீவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அவள் சரிங்க என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அர்பாப் துப்பாக்கி வாங்கிய மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கடை போன் அடித்தது. எங்கள் மேனேஜர், மலப்புரத்துக்காரர், எடுத்துப் பேசிவிட்டு முகம் மாறி என்னைப் பார்த்தார். அர்பாப்பைச் செக்போஸ்ட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியோடு எல்லை தாண்டப் பார்த்தார் என்று. டைப்பிங் சென்டர்காரன் கொண்டுபோகலாம் என்று சொன்னான் என்கிறார். அந்த ஆள் யார், வரச் சொல்லுங்கள் என்று ஆபீஸர் கேட்டாராம்.

அடித்துக்கொண்டிருந்த ஃபாரத்தைப் பாதியில் நிறுத்தினேன்.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார். நீ போகாதே என்றார். நாம் டைப் மட்டும்தான் அடித்தோம், அவர் சொன்ன முகவரியை அடித்தோம், வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது. கடைக்கு ஏதாவது ஆனால் ஆறு பேர் விசா போய்விடும். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். என் பாஸ்போர்ட் எங்கள் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி, கையில் இருந்தது. துப்பாக்கி விவகாரம் என்றால் விசாரணையே கிடையாது, நேரே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று ரூமில் யாரோ எப்போதோ சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்து நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் போனது தைரியத்தால் என்று சொன்னால் அது பொய். போகாவிட்டால் இங்கே வந்து கூட்டிப்போவார்கள் என்ற பயம் பாதி. மீதி, இது பொய் ஆகாதே என்று அந்த மனுஷன் கேட்டது. அவர் இரண்டாம் தரம் யோசித்தபோது நான்தான் அந்த யோசனையைக் கலைத்தேன். மேனேஜரிடம், கடைப் பேரைச் சொல்லமாட்டேன், நான் சொன்னேன் என்று மட்டும் சொல்கிறேன் என்றேன். அவர் டாக்ஸிக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

செக்போஸ்ட்டில் ஒரு சின்ன அறை. மேஜை மேல் துப்பாக்கி உறையோடு கிடந்தது. பக்கத்தில் பிரிக்காத தோட்டாப் பெட்டி, கடை பில், லைசென்ஸ். அர்பாப் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டும் துணியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவரை வெறும் தலையோடு நான் பார்த்தது அன்றுதான். முன்வழுக்கை. என்னைப் பார்த்ததும் எழுந்து சலாம் சொன்னார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஆபீஸர் முப்பது வயதுக்குள் இருப்பார். நீதானா என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன சொன்னாய் என்றார். மறைக்காமல் சொன்னேன். அவர் இரண்டு வீட்டையும் சொன்னார், நான்தான் ஒன்றை விட்டேன், கொண்டுபோகலாம் என்று சொன்னதும் நான்தான், அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றேன்.  எனக்குத் தெரிந்த அரபியெல்லாம் மறந்துபோய்ப் பாதி உருதுவில்தான் வந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அவரை யாரும் சோதனை போட்டுப் பிடிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது, இதோ பேப்பர் என்று அவரே சொல்லியிருக்கிறார். சட்டப்படி வாங்கிய பொருள், சொல்லிவிட்டுப் போவதுதான் முறை என்று நினைத்திருக்கிறார். ஒளித்து வைத்திருந்தால் அன்றைக்கு அவர் நேரே சிறைக்குப் போயிருப்பார் என்று ஆபீஸர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு அவர் அர்பாப் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான், கேட்டார். "மாமா, நீங்க எந்த வீட்டுலதான் தூங்குறீங்க?"

அர்பாப் மடியில் இருந்த துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"கம்பி போடுறதுக்கு முன்னாடி அங்க. இப்ப இங்க படுத்துக்கிறேன். தூக்கம் வரும்னு சொல்ல முடியாது."

அறையில் இருந்த இன்னொரு போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  அதே கேள்வியை யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் வேறெதையும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆபீஸர் பொறுமையாக விளக்கினார். இந்த லைசென்ஸ் இந்த நாட்டு லைசென்ஸ். இந்தத் துப்பாக்கி இந்த நாட்டில், எழுதிக் கொடுத்த வீட்டில்தான் இருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் இதற்கு மதிப்பு கிடையாது. அங்கே இருக்கிற வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி, அந்த நாட்டில்தான் வாங்க வேண்டும். வீடு இரண்டு இருக்கலாம், துப்பாக்கிக்கு ஒரு நாடுதான் என்றார்.

நான் அந்த நாட்டுக்காரன் இல்லையே, எனக்கு யார் கொடுப்பார்கள் என்று அர்பாப் கேட்டார்.

"அந்த வீட்டுல அந்த நாட்டுக்காரங்க யாருமே இல்லையா?"

 அர்பாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டு ஆட்கள் அந்த நாடுதான் என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை வாரமாக அவர் தலைக்குள் வராத ஒன்று அப்போதுதான் வருகிறது. எனக்கும்தான். தோட்டம் அந்த அம்மா பேரில். வீடு அந்த அம்மா பேரில். இருப்பது அந்த அம்மா. நாய் வந்தது அந்த அம்மா முன்னால். நாங்கள் இரண்டு ஆண்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாருக்குத் துப்பாக்கி, எந்த முகவரி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவின் பெயரை எழுதலாம் என்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

அர்பாப் மெல்லச் சிரித்தார். "அவளுக்குச் சுடத் தெரியும். அவ அப்பா கத்துக் கொடுத்திருந்தார். கல்யாணமான புதுசுல என் கண்ணு முன்னாடி ஒரு நரியைச் சுட்டா. நான்தான் அதை மறந்துபோனேன்."

அவர் 'வீட்டு ஆட்கள்' என்று சொல்லாமல் 'அவள்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

துப்பாக்கியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மேலதிகாரியிடம் கேட்டு, சாயங்காலத்துக்குள், இனிமேல் துப்பாக்கியை எல்லைக்குக் கொண்டுவரமாட்டேன் என்று அர்பாப்பிடம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்த உறுதிமொழியை என்னையே அரபியில் எழுதச் சொன்னார் ஆபீஸர். கையால் எழுதினேன். எழுதி முடித்து நீட்டியபோது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். உனக்கு எழுத்துத் தெரியும், சட்டம் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகு என்றார். என்னைவிட அவ்வளவு சின்னவர் ஒருவர் அப்படிச் சொன்னது உறைத்தது. ஆனால் பெயரைக்கூட எழுதிக்கொள்ளாமல் என்னை அனுப்பிவிட்டார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று வளைகுடாவில் விசாவில் இருந்தவர்களுக்குப் புரியும்.

வெளியே வந்ததும் அர்பாப் என்னை வண்டியில் ஏறச் சொன்னார். வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். கலாஸ், முடிந்தது, விடு என்றார். கொஞ்ச தூரம் போனபின், வந்துவிட்டாயே, அதுவே போதும் என்றார். வேலியை ஒட்டிய ரோட்டில் வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தினார். கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பேரீச்சை மரங்கள். அதில் எது அவருடைய தோட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். இன்ஜினை அணைக்காமல் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

அந்தத் துப்பாக்கி சில நாளில் திரும்பக் கிடைத்தது. கடைக்காரரிடமே, போலீஸ் அனுமதியோடு, திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கான பேப்பரும் நான்தான் அடித்தேன். ஓமன் நாட்டு விண்ணப்பம் எப்படி என்று என்னைக் கேட்டபோது, எனக்குத் தெரியாது அர்பாப், வீட்டு ஆட்களே அங்கே போய்க் கேட்பதுதான் சரி என்றேன். சொல்லும்போது நாக்குக் கூசியது. சொன்னபின் லேசாக இருந்தது.

அந்த அம்மா தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் மனுக் கொடுத்தாராம். டாக்டர் சர்டிபிகேட், கண் பரிசோதனை, விசாரணை எல்லாம் முடிந்து லைசென்ஸ் வர நான்கைந்து மாதம் ஆனது. வந்ததும் ஒரு பழைய மாதிரி ஒற்றைக் குழல் துப்பாக்கிதான் வாங்கினார். இவர் பார்த்து வைத்திருந்த இரட்டைக் குழல் அவருக்குப் பிடிக்கவில்லை, கனமாம். நாய்க்கூட்டம் மறுபடி வந்தபோது வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தரம் சுட்டிருக்கிறார். அதன்பிறகு அவை அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு நாயும் சாகவில்லை.

இதையெல்லாம் அர்பாப் கடைக்கு வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது நான் அங்கே போனால் துப்பாக்கி இருக்கிற அலமாரிச் சாவி எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது, கேட்டால் உனக்கு எதற்கு என்கிறாள் என்றார். அப்புறம் டீயைக் குடித்துக்கொண்டே, குரல் இறங்கி, "நான் இல்லாமலே அவ நல்லாத்தான் இருக்கா" என்றார். அது பெருமையா, வருத்தமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்த ஒன்றாக இருக்கலாம்.

செக்போஸ்ட்டில் நடந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வழக்கம்போல் ஊருக்குப் போன் போட்டேன். பிள்ளைகள் பேசி முடித்ததும் என் மனைவி வாங்கினாள். நான் ஏதோ பெரிய மனது பண்ணுகிறவன்போல ஆரம்பித்தேன். அந்த மனை விஷயம், நான் வருகிறவரை காத்திருக்க வேண்டாம், பத்திரம் உன் பேரில்தானே இருக்கிறது, நீயே தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துவிடு என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. போயிட்டு வந்து ரெண்டு மாசமாச்சு. சர்வேயர் வந்து அளந்து கல்லு நட்டுட்டுப் போயிட்டாரு. அவங்களும் செவத்தைத் தள்ளிக் கட்டிக்கிட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க வேணாம்னீங்க. வேணாம்னு சொன்னதுக்கப்புறம் போனேன்னு எப்படிங்க சொல்றது? நேர்ல வந்தப்புறம் மொகத்தப் பாத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை தரம் ஆபீஸுக்குப் போனாய் என்று கேட்டேன். அஞ்சாறு தரம் என்றாள். எந்த பஸ்ஸில் போனாய், பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது, ஆபீஸில் உட்கார இடம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவள், பிறகு சர்வேயர் சங்கிலியைத் தப்பாகப் பிடித்ததைத் தான் கண்டுபிடித்துச் சொன்ன கதையையெல்லாம் விவரமாகச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கார்டில் இருந்த நிமிடமெல்லாம் தீர்ந்து லைன் தானாகவே அறுந்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ரூமுக்கு நடந்தேன்.

அதன்பின் மூன்று வருடம் அங்கே இருந்தேன். நான் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் அர்பாப்பின் தாயார் காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது, இனி அவர் அந்தப் பக்கமே போய் இருக்கப் போவதாகச் சொன்னார். போனாரா, சேர்ந்து இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. போயிருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நானும் ஊரோடு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. மனைவி பக்கத்திலேயே இருக்கிறாள். ஆனாலும் பேச்சுவாக்கில் நான் இல்லாத காலத்துச் சங்கதி ஒன்று அவள் வாயிலிருந்து வரும். பெரியவளுக்கு அம்மை போட்டபோது இப்படி, மழையில் ஓடு பறந்தபோது அப்படி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நான் இல்லாமல் அவள் தனியாக வாழ்ந்த அந்தப் பதின்மூன்று வருடத்தையும், அப்போது அவள் எப்படி இருந்தாளோ அந்தப் பெண்ணையும், ஒருநாளாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.